மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் சாதி எந்தத் தாளில் வருகிறது?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காக வெம்பாக்கம் இளைஞர்கள் நடத்திய மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



கூட்டத்துக்கு வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனரைப் பார்த்தேன். 'நீட் தேவையில்லை, மருத்துவத் துறையில் வேலை உறுதி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கையில் ஃபைலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே படிப்புகளின் பட்டியல். அதில் ஒன்று மருத்துவமனை நிர்வாகம், மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் ஏற்கெனவே அதற்கு விண்ணப்பம் வாங்கிவிட்டதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அதனால்தான் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் படிப்பைப் படித்தவள். 2010இல் சேர்ந்து 2013இல் முடித்தேன். நான்கு வருடம் அந்த வேலையும் பார்த்தேன். பிறகு சமூகவியலுக்கு மாறி, இப்போது மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன்.

சேரலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் படிப்பு உங்களிடம் எதைச் சொல்லாமல் விடும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கூலித் தறி நெய்தவர். ஆரணியிலிருந்து பாவும் ஜரிகையும் வரும். சேலையை நெய்து கொடுத்தால் கூலி. முன்பணத்துக்குப் பிடித்தது போக மீதி கைக்கு வரும். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் நோட்டு அவர் கைக்கு வராது. 'அவங்க எழுதுறதுதான் கணக்கு' என்பார். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி போனவர் அவர். என்னைத் தறிப்பக்கமே விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

எனக்கு டாக்டர் ஆக ஆசை. அதற்கான மார்க் வரவில்லை. நர்சிங் கிடைத்தது, வீட்டில் இரவு ஷிப்ட் என்று பயந்தார்கள். அப்போதுதான் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆபீசர் வேலை. ஊசி போட வேண்டாம், ரத்தம் பார்க்க வேண்டாம், மேசை நாற்காலி. உதவித்தொகையும் கடனுமாகச் சேர்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன மூன்றாவது பெண் நான்.

இன்றைக்கு இந்த ஆசையை விற்பது இன்னும் சுலபமாகிவிட்டது. 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கதவு மூடியதும், பக்கத்துக் கதவுகளில் கூட்டம் சேர்ந்தது. டாக்டராக முடியாத நம் பிள்ளைகளுக்கு 'மருத்துவத் துறை' என்ற சொல்லை மட்டும் காட்டி இடங்களை நிரப்புகிறார்கள். இடத்தை நிரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. படிப்பின் மேல் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? மேலாண்மைக் கோட்பாடு, கணக்கு, மருத்துவச் சொற்கள், மருத்துவப் பதிவேடு, புள்ளியியல், மருந்து மற்றும் பொருள் மேலாண்மை, காப்பீடு, தரச் சான்று, சட்டம், மருத்துவக் கழிவு, கடைசியில் ஒரு மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி. கல்லூரிக்குக் கல்லூரி வரிசை மாறும், சாரம் இதுதான். இதெல்லாம் வெறும் ஆபீஸ் வேலை என்று நினைக்காதீர்கள். நிர்வாகம் உயிரைக் காக்கும். ஓர் உதாரணம் போதும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கியிருக்கும் தொகைக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை முன்மாதிரியாக வைத்துத்தான் பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களைத் தொடங்கின. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் ஆயாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கிடைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் டாக்டர் மட்டும் இல்லை. ஒரு கிடங்கும் கணக்கும் பாஸ்புக்கும் இருக்கின்றன.

பாடத்தில் இதை வி.இ.டி. ஆய்வு என்று சொல்லிக் கொடுப்பார்கள். எந்த மருந்து இல்லாவிட்டால் உயிர் போகும், எது அவசியம், எது இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிப்பது. எனக்கு மிகவும் பிடித்த பாடம். பொருட்களை இவ்வளவு அக்கறையாகப் பிரித்து எண்ணச் சொல்லிக் கொடுத்த அதே படிப்பு, மனிதர்களிடம் வரும்போது என்ன செய்கிறது?

அமைப்பு நடத்தை என்று ஒரு தாள் உண்டு. அதில் டெய்லர் வருவார், மேயோ வருவார், மாஸ்லோவின் பிரமிடு வரும். தொழிலாளியை எப்படி ஊக்கப்படுத்துவது என்று படிப்போம். டெய்லரும் மேயோவும் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்த்து எழுதியவர்கள். நம் மருத்துவமனை வராந்தாவில் துடைப்பம் பிடித்திருப்பவர் யார், அவருடைய அம்மா என்ன வேலை செய்தார், அவர் ஏன் சமையலறைப் பக்கம் போவதில்லை என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை. 'ஹவுஸ்கீப்பிங்' என்று ஒரு பாடம் உண்டு. எந்தத் தரையை எத்தனை முறை துடைக்க வேண்டும், எந்த திரவத்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அதில் இருக்கும். துடைப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை: 'மேன்பவர்'.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். மருத்துவமனை நிர்வாகம் என்பதும் வேலைப் பிரிப்புக் கலைதான். யார் எதைத் தொடுவது, யார் எந்த அறைக்குள் போவது, யார் எந்த லிஃப்டில் ஏறுவது என்று தீர்மானிப்பதுதான் நிர்வாகி தினமும் செய்யும் வேலை. அப்படியானால் சாதி இந்தப் படிப்பின் நடுப்பகுதியில் இருக்க வேண்டிய பாடம். நான் எழுதிய எந்தத் தாளிலும் அந்தச் சொல் ஒரு முறைகூட வரவில்லை.

வேலைக்குப் போன கதைக்கு வருகிறேன். ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், அங்கே நடந்தது மற்ற இடங்களிலும் நடப்பதுதான். எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஹவுஸ்கீப்பிங் டூட்டி ரோஸ்டர் போடுவது. ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். நான் கல்லூரியில் படித்தபடி, எல்லோரும் எல்லா வார்டுக்கும் சுழற்சியில் போகிற மாதிரி அழகாக ஒரு அட்டவணை போட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'இவங்கள பேன்ட்ரிக்குப் போடாதீங்க மேடம். டெலக்ஸ் ரூமுக்கு இவங்க வேணாம். பிணவறைக்கு இவங்க ரெண்டு பேரு போவாங்க' என்று பேனாவால் சுழித்தார். காரணம் கேட்டேன். 'அவங்களுக்கே பழகிப்போச்சு' என்றார். சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. யார் எந்தப் பக்கம் என்பது எனக்குப் புரிந்தது. அவர் சுழித்தபடியே திருத்தி, டைப் செய்து, கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

ஒரு நாள் ஒரு அக்கா என் மேசைப் பக்கம் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். செய்யாறு பக்கத்து ஊர். என் பேச்சைக் கேட்டுவிட்டு, 'நீ எந்த ஊரும்மா?' என்றார். வெம்பாக்கம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. 'வெம்பாக்கத்துல எங்க? ஊர்லயா, காலனியிலயா?'

பக்கத்து மேசையில் ஆள் இருந்தார்கள். 'ஊர்ல' என்று சொல்லிவிட்டேன்.

அந்த அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னை அவர் 'ம்மா' என்று கூப்பிடவே இல்லை. மேடம்தான்.

இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெகு காலம் ஆனது. உங்களில் சிலர் நாளைக்கு அந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அந்த மேசையில் உட்காரும்போது வரும் பயம் எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

2017இல் அதே அக்காவுக்கு ஊசி குத்தியது. நீடில் ஸ்டிக் என்று சொல்வோம். கழிவுப் பையைக் கட்டும்போது நடந்தது. விதிப்படி ஊசி, பிளேடு போன்றவை குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் பாகம் மஞ்சள் பைக்கு, குழாய், கையுறை மாதிரி பிளாஸ்டிக் சிவப்புக்கு, கண்ணாடி நீலத்துக்கு. யாரோ அவசரத்தில் ஊசியை மஞ்சள் பையில் போட்டுவிட்டார்கள். பையைக் கட்டியவர் கையில் அது ஏறியது. தப்புச் செய்தவர் வேறு, குத்து வாங்கியவர் வேறு.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'ஒழுங்கா வேலை செய்யத் தெரியல' என்று ஏஜென்சி நிறுத்திவிடும் என்று பயம். நான்காம் நாள் ஒரு நர்ஸிடம் சொன்னார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

விபத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பணியாளர் எண் என்று ஒரு கட்டம். அவருக்கு எண் இல்லை, ஏஜென்சி ஆள். கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. மேலதிகாரியிடம் போனேன். 'நம்ம ஸ்டாஃப் இல்லையே, ஏஜென்சி பார்த்துக்குவாங்க' என்றார். மாதக் கடைசியில் தர அறிக்கை தயாரிக்க வேண்டும். அதில் ஒரு வரி: பணியாளர்களுக்கு ஊசி குத்திய விபத்து எத்தனை? பூஜ்ஜியம் என்று எழுதினேன். அந்த வரிக்கு மதிப்பெண்கூட உண்டு. பூஜ்ஜியம் என்றால் நல்ல மருத்துவமனை.

அந்த அக்காவுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் உறுதியாகத் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஏஜென்சி மாறியது. புது ஏஜென்சியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் அப்பாவின் தறி நோட்டு ஞாபகம் வந்தது. அவர்கள் எழுதுவதுதான் கணக்கு. இந்த முறை எழுதியவள் நான். அந்த வருடமே வேலையை விட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 1998இல் வந்தன. நான் கல்லூரியில் படித்தது அதைத்தான். 2016 மார்ச்சில் புது விதிகள் வந்தன. அதில் மருத்துவமனையை நடத்துபவரின் கடமைகள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. தன் சுகாதாரப் பணியாளர்களுக்கும், கழிவைக் கையாளும் பிறருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். அதேபோல உடல் பரிசோதனை செய்ய வேண்டும். கையுறை, பூட்ஸ் போன்ற பாதுகாப்புப் பொருட்கள் தர வேண்டும்.

'பிறர்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அந்த அக்கா அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். ஏஜென்சி ஆள் என்று யாரும் கைகழுவ முடியாது. 2017இல் இந்த விதி நடைமுறையில் இருந்தது. என் மேசையிலேயே அதன் நகல் இருந்தது. வண்ணப் பைகளின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வேன். எனக்குப் பாடம் நடத்தியவர்களும் தேர்வில் கேள்வி கேட்டவர்களும் பைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பையைக் கட்டுகிற கையைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விகூட வந்ததில்லை.

பதிவேட்டில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று கொரோனா காட்டியது. 2020 மார்ச் இறுதியில் ஒன்றிய அரசு, கொரோனா பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று அறிவித்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் பணம் வாங்க, இவர் எங்களிடம் கொரோனா பணியில் இருந்தார் என்று அந்த மருத்துவமனை சான்று தர வேண்டியிருந்தது. ரோஸ்டரில் பெயர் இல்லாதவருக்கு, ஏஜென்சி மாறும்போது கழன்று விழுந்தவருக்கு, யார் சான்று தந்திருப்பார்கள்? அறிவிப்பு டெல்லியில் வரும். அது ஒரு குடும்பத்தின் கைக்குப் போகுமா என்பது ஒரு நிர்வாகியின் பதிவேட்டில்தான் முடிவாகும்.

'இது ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை, இதில் சாதியை ஏன் இழுக்கிறாய்?' என்று கேட்பார்கள். என் வகுப்புத் தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான். அதே மருத்துவமனையில் பாதுகாவலர்களும் ஏஜென்சி ஆட்கள்தான், கேன்டீனும் ஒப்பந்தம்தான். கூலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு ஏன் கேன்டீனில் ஆள் குறைந்தால் செக்யூரிட்டியை உதவிக்குக் கூப்பிடுகிறார்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிடுவதில்லை? பிணவறையில் ஆள் குறைந்தால் ஏன் கேன்டீன் பையனை அனுப்புவதில்லை? கூலி குறைவாக இருப்பதற்கு ஒப்பந்தம் காரணம். எந்தக் கூலி வேலைக்கு யார் என்பதற்குச் சாதி காரணம். என் ஆய்வுக்காக நான் இதுவரை பேசிய மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே பட்டியல் சாதியினர். அது தற்செயல் என்று நம்பச் சொன்னால் நம்ப முடியவில்லை.

படிப்பு கூடினால் சாதி கரைந்துவிடும் என்பவர்களும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி, சாதித் துன்புறுத்தல் என்று குடும்பம் குற்றம் சாட்டிய சூழலில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப்பே காப்பாற்றாதபோது துடைப்பத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நோயாளி பக்கமும் இதே கதைதான். அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு பகுதி வருகிறது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டே நாளில் உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் தருகிறார். அவர் கணவரிடம் தருகிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வரிசையில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் டாக்டர். நாடி பிடிக்கவில்லை, தொடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது வரவும் இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

மருத்துவமனை நிர்வாக மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது? மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், கட்டணம் இருந்தது, கருவி இருந்தது. நோயாளியிடம் கருவி போய்ச் சேர்ந்த வழிதான் கொன்றது. இந்த நூலைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்துப் படித்திருக்கிறார்கள். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் செய்யாறிலும் நோயாளியை வரவேற்கப் போகிற நம் மாணவர்களுக்கு அது பாடமாக வருவதில்லை. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. ஆய்வாளர் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் பேசுகிறது: பரிசோதிக்கும்போது தொடுவதிலும், மருந்து தருவதிலும், பேசுவதிலும், நேரம் ஒதுக்குவதிலும் பாகுபாடு.

வேறு மாதிரி நிர்வாகமும் நம் வரலாற்றில் இருந்திருக்கிறது. 1897இல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலேயும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் ஹடப்சர் அருகே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார்கள். நோய் கண்ட ஒரு தலித் சிறுவனைச் சாவித்திரிபாய் முதுகில் சுமந்து அங்கே கொண்டுவந்தார். அவருக்கும் பிளேக் தொற்றி அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி இறந்தார். சாவித்திரிபாயை முதல் ஆசிரியை என்று கொண்டாடுகிறோம், சரிதான். அவர் ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தியவரும்கூட. யாரைத் தொடலாம் என்ற கேள்வியே இல்லாத ஒரு நிலையத்தை.

தொழிலாளர்களே நிர்வாகத்துக்குப் பாடம் நடத்திய கதையும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா, சார்ல்ஸ்டன் நகரம், 1969. அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பன்னிரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உதவிச் செவிலியர்கள், சமையலறைப் பெண்கள், துப்புரவுப் பெண்கள். முன்னால் நின்றவர் மேரி மோல்ட்ரி என்ற உதவிச் செவிலியர். அவர்களுடைய கூலி மணிக்கு 1.30 டாலர். முந்தின ஆண்டுதான் மார்ட்டின் லூதர் கிங், மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் சார்ல்ஸ்டனுக்கு வந்து ஊர்வலத்தில் நடந்தார். ஏறத்தாழ நூறு நாள் போராட்டம். நீக்கப்பட்டவர்கள் திரும்ப வேலைக்கு வந்தார்கள், கூலி 1.60 டாலர் ஆனது, குறைகளைச் சொல்ல ஒரு முறை ஏற்பட்டது. சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. மேலாண்மை வகுப்பில் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு, அமெரிக்க மருத்துவமனைத் தொழிலாளிகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அப்படியானால் என்ன மாற வேண்டும்? நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணிக்கை. மருத்துவமனைக்குள் வேலை செய்கிற ஒவ்வொருவரும், யார் சம்பளம் கொடுத்தாலும், விபத்துப் பதிவேட்டிலும் தடுப்பூசிப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இதை மருத்துவப் பதிவேட்டுத் தாளில் கட்டாயப் பயிற்சியாக வைக்க வேண்டும். எண் இல்லாதவருக்கு எண் கொடுப்பது நிர்வாகியின் முதல் வேலை என்று சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுத் தர வேண்டும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 'முதன்மை வேலையளிப்பவர்' என்பவர் மேல் பொறுப்பை வைத்தது. ஒப்பந்ததாரர் கூலியைத் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும். சட்டத் தாளில் நாங்கள் 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும், நோயாளியும் நுகர்வோரே என்று சொன்ன 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் கரைத்துக் குடித்தோம். நோயாளி வழக்குப் போட்டால் மருத்துவமனையை எப்படிக் காப்பது என்று தெரியும். தொழிலாளிக்கு மருத்துவமனை என்ன கடன்பட்டிருக்கிறது என்று தெரியாது.

மூன்றாவது, சாதி என்ற பெயரிலேயே ஒரு பாடம். அறவியல், பன்முகத்தன்மை என்று பெயரை மாற்றி ஒளித்து வைக்கக் கூடாது. தெர்மாமீட்டர் கதை, தோரட் குழு அறிக்கை, 2016 விதிகளில் உள்ள 'பிறர்', 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் எல்லாம் அதில் வர வேண்டும். மருத்துவமனையிலும் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது; அதற்குள் ஆளை இறக்கச் சொல்லும் அதிகாரம் நாளைக்கு உங்கள் கையில் இருக்கும்.

நான்காவது, பயிற்சிக் காலம். இன்றைக்குப் பயிற்சி என்றால் பில்லிங் கவுன்டர், காப்பீட்டு மேசை, வரவேற்பு. பல இடங்களில் சம்பளமில்லாத ஆள். அதில் ஒரு வாரமாவது துப்புரவுப் பணி நடக்கும் ஷிப்டில் இருக்க வேண்டும். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: நான் துடைப்பத்தை வாங்கிப் பெருக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மலம் அள்ளுவதைப் புண்ணியமாக்கிய உபதேசங்களை நாம் போதும் போதும் என்று கேட்டாகிவிட்டது. போய் எண்ணுங்கள். ஒருவர் எத்தனை பை தூக்குகிறார், எத்தனை மாடி ஏறுகிறார், கையுறை எத்தனை நாளுக்கு ஒரு ஜோடி, உட்கார இடம் உண்டா, சாப்பிட எங்கே போகிறார். அதை எழுதி அறிக்கையாகக் கொடுங்கள். பொருளை எண்ணக் கற்றவர்களுக்கு இது கஷ்டமில்லை.

கடைசியாக, இங்கே விண்ணப்பம் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு. சேரும் முன் கல்லூரியில் இவற்றைக் கேளுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், உதவித்தொகை உண்டா? பட்டியல் சாதி மாணவர்களுக்கான அரசு கல்வி உதவித்தொகை இந்தப் படிப்புக்கு வருமா, அது வரும் வரை கட்டணத்துக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவார்களா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். படித்து முடித்தால் அதோடு நிற்காதீர்கள். பொது சுகாதாரத்திலும் மருத்துவமனை நிர்வாகத்திலும் முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. இன்னொருவர் போட்டுத் தரும் ரோஸ்டரை டைப் செய்கிற இடத்திலிருந்து, விதியை எழுதுகிற இடத்துக்கு நம் ஆட்கள் போக வேண்டும்.

நீங்கள் வேலைக்குப் போன இடத்திலும் ஒரு அக்கா வந்து, 'ஊர்லயா, காலனியிலயா?' என்று கேட்பார். தைரியமாகச் சொல்லுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். முதல் வேலை, வீட்டுக் கடன், பக்கத்து மேசை எல்லாம் எனக்கும் தெரியும். சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டாலும், அந்த அக்காவுக்கு ஊசி குத்தினால் ஒன்று என்று எழுதுங்கள். கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்றால் பேப்பரில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுங்கள்.